புதுப்பிப்பு: அப்பாவின் இதய ஸ்கேன், இந்த முறை எண்ணாகவே வந்தது

நடந்தாலே அப்பாவுக்கு நெஞ்சு இறுகுகிறது, ஆனால் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுத்த ஸ்பெக்ட் (SPECT) ஸ்கேன் நார்மல் என்கிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். பெட் (PET) ஸ்கேனில் இதயத் தசையின் ரத்த ஓட்டத்தை அளந்து பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். எடுத்தாயிற்று, நன்றி.

சாதாரண ஸ்பெக்ட் படம் இதயத் தசையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். மூன்று ரத்தக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு அடைப்பு இருந்தால் எல்லாப் பக்கமும் சமமாகக் குறையும், படம் நன்றாக இருப்பது போலவே தெரியும். பெட் ஸ்கேனில் ருபிடியம்-82 என்ற கதிரியக்கப் பொருள் உடம்பில் ஏறும்போதே படமெடுக்கத் தொடங்குகிறார்கள். ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, தசை எவ்வளவு வேகமாக இழுத்துக்கொண்டது என்பதை வைத்து, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் என்று கணக்கிடுகிறார்கள். ருபிடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 76 நொடிதான் என்பதால் ஓய்வு நிலை, ரத்த ஓட்டத்தைக் கூட்டும் அடினோசின் மருந்து கொடுத்த நிலை இரண்டும் ஒரே அமர்வில் முடிந்தன.

அப்பாவுக்கு ஓய்வில் 0.9, மருந்தின்போது 1.3. பொதுவாக இரண்டு மடங்குக்கு மேலாவது கூட வேண்டும். மூன்று குழாய்ப் பகுதிகளிலும் இதே கதை. நெஞ்சு இறுகுகிறது என்று அவர் சொன்னது உண்மைதான் என்று காகிதத்தில் பார்த்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம், இந்த ஸ்கேனுக்குப் போகிறவர்கள் முந்தைய நாளே காபி, டீ, சாக்லேட்டை நிறுத்திவிடுங்கள். காஃபீன் அடினோசினை வேலை செய்ய விடாது, அளவு தப்பாகிவிடும்.

பெரிய குழாய்களில் அடைப்பு இல்லாமல், இதயத்தின் மிகச் சிறிய ரத்தக் குழாய்களில் வரும் நுண்குழாய்க் கோளாறும் இப்படி எண்ணைக் குறைக்கலாமாம். இரண்டில் எது என்று பார்க்க அடுத்த வாரம் ஆஞ்சியோ.