கிளானில் ஆட்கள் சேர்கிறார்கள், தங்குவதில்லை: எங்கே தவறுகிறேன்?

நொய்யல்கரை, திருப்பூர்:

அனைவருக்கும் வணக்கம். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் விளையாட்டில் ஆறு ஆண்டுகளாக ஒரு கிளானை, அதாவது சேர்ந்து ஆடும் ஒரு குழுவை, நடத்தி வருகிறேன். தொடங்கியபோது எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை செய்த எட்டுப் பேர் மட்டுமே இருந்தோம். பிறகு அவர்களுடைய தம்பிகள், மச்சான்கள், பல்லடத்திலும் அவிநாசியிலும் இருந்த நண்பர்கள் என்று பெருகி, கடந்த ஆடி மாதம் 43 பேர் ஆனோம். கார்த்திகை பிறந்திருக்கும் இன்று 27 பேர்தான் இருக்கிறோம். ஒரு கிளானில் 50 பேர் வரை இருக்கலாம் என்பதால் ஏறத்தாழப் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது.

ஆள் வராமல் இல்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் ஒரே இரவில் பத்துப் பேர் வந்துவிடுகிறார்கள். கிளான் கேஸிலுக்கு, அதாவது மற்ற உறுப்பினர்கள் தானமாகத் தரும் படையை வைக்கும் கோட்டைக்கு, படை கேட்கிறார்கள், கிடைத்ததும் இரண்டு நாளில் கிளம்பிவிடுகிறார்கள். இருப்பவர்களையாவது தக்கவைக்கலாம் என்று இரண்டு வழிகளை முயன்றேன். முதலாவது கண்டிப்பு. வாரில், அதாவது இரண்டு கிளான்கள் மோதும் போரில், தமக்குரிய இரண்டு தாக்குதல்களையும் செய்யாதவரை அன்றே நீக்கினேன். அப்படிப் போனவர்களில் இருவர் நான்கு ஆண்டுகள் கூடவே இருந்தவர்கள். இரண்டாவது பதவி. நன்றாக ஆடுகிற ஒருவர் வேறு கிளானுக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில், சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத அவருக்குக் கோ-லீடர் என்ற துணைத் தலைவர் பதவியைக் கொடுத்தேன். ஒரு வியாழக்கிழமை இரவு, சாட்டில் நடந்த சிறிய வாக்குவாதத்துக்குப் பிறகு, அவர் ஒன்பது பேரை வரிசையாக நீக்கிவிட்டுத் தானும் வெளியேறினார். காலையில் டீக்கடையில் போனைத் திறந்து பார்த்த எனக்கு டீ இறங்கவில்லை. ஒன்பது பேரில் ஐவரைத் திரும்ப அழைத்து வர முடிந்தது. மற்ற நால்வர் வர மறுத்துவிட்டார்கள்.

இவை போதாதென்று, மாதத் தொடக்கத்தில் நடக்கும் கிளான் வார் லீக் என்ற போட்டித் தொடரில், சிலருக்கு மட்டும் கொடுக்கக்கூடிய போனஸ் மெடல்களை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் ஒவ்வொரு முறையும் யாருக்காவது மனத்தாங்கல் வந்துவிடுகிறது. கண்டிப்பைக் கூட்டுவதா, குறைப்பதா? நம்பகமான ஆட்களை எங்கே தேடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தறிச்சத்தம், பள்ளிபாளையம்:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, மாதங்கள். ஆடியில் 43, கார்த்திகையில் 27. இடையில் இருப்பவை தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். திருப்பூரில் அந்த நாட்களில் இரவு வேலை எப்படி இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு ஒரு மணி வரை ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்தவர் வாரில் இரண்டாவது தாக்குதலைத் தவறவிட்டிருப்பார். நீங்கள் காலையில் அவரை நீக்கியிருப்பீர்கள். அவர் கிளானை விட்டு விலகவில்லை, நீங்கள்தான் சீசன் பார்க்காமல் ஆளைக் கழித்திருக்கிறீர்கள். வாருக்கு வரவில்லை என்று காட்ட, வார் விருப்பத்தைச் சிவப்புக் கேடயமாக மாற்றி வைக்க விளையாட்டிலேயே வசதி இருக்கிறது. வேலை நெருக்கும் மாதங்களில் அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி, சிவப்பில் இருப்பவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று விதி வைத்திருந்தால் அந்த இருவரும் இன்று உங்களோடு இருந்திருக்கக்கூடும்.

வாரைத் தொடங்கும் நேரத்தையும் கவனியுங்கள். ஆயத்தத்துக்கு 23 மணி நேரம், போருக்கு 24 மணி நேரம். எதிரணி உடனே கிடைத்துவிட்டால், வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய வாரில் போர் சனிக்கிழமை இரவு ஏழுக்குத் திறந்து ஞாயிறு இரவு ஏழுக்கு முடியும். சனிக்கிழமை வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற உங்கள் ஆட்களுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. செவ்வாய்க்கிழமை தொடங்கிவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

வாருக்கே வர இயலாதவரையும் வெறுமனே உட்கார வைக்க வேண்டியதில்லை. வழக்கமாக மாதம் 22 முதல் 28 வரை நடக்கும் கிளான் கேம்ஸ் என்ற சிறு சவால்களில் ஒருவர் 4,000 புள்ளிகள் வரை சேர்க்கலாம், மொத்தம் 50,000 எட்டினால் எல்லாப் பரிசும் திறந்துவிடும் என்பதே பல ஆண்டுகளாக உள்ள கணக்கு. அதாவது 13 பேர் முழுமையாகச் செய்தால் போதும். நள்ளிரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் தனக்கு ஒழிந்த நேரத்தில் செய்யக்கூடிய வேலை அது. அவருடைய 4,000 புள்ளியைச் சாட்டில் ஒரு வரி எழுதிப் பாராட்டுங்கள்.

பதவி கொடுத்து ஆளைப் பிடித்து வைத்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தறிக்கூடங்களில் முன்பணம் கொடுத்து ஆளை நிறுத்துகிற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. முன்பணத்துக்காக நின்றவர், பக்கத்துத் தறிக்கூடத்தில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டு அங்கே போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் நாம் அவரிடம் வாங்கியதே அந்த வகை உறவைத்தான். நீங்கள் கொடுத்த கோ-லீடர் பதவி ஒரு முன்பணம். அதிலும் கதவுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு ஒரு படி கீழான எல்டர் பதவியோடு நிறுத்தியிருந்தாலும் அவரால் சாதாரண உறுப்பினரை நீக்க முடியும் என்பதை மறக்காதீர்கள். ஆகவே, ஆறு மாதமாவது உடன் ஆடி, தோற்ற வாருக்குப் பிறகும் சாட்டில் பேச்சை அளந்து பேசியவர்களுக்கு மட்டும் எந்தப் பதவியும் கொடுங்கள்.


சிறுவாணி, கோவை:

அண்ணா, நான் கிளாஷ் ஆஃப் கிளான்ஸை அதிகம் ஆடியதில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் என் கணவரும் நானும் நான்கு ஆண்டுகள் ஒரே கில்டில், அதாவது உங்கள் கிளான் போன்ற குழுவில், இருந்தோம். விளையாட்டு வேறாக இருந்தாலும் நீங்கள் கடைசியாகச் சொன்ன போனஸ் மெடல் தகராறு எனக்கு நன்றாகப் பழக்கமானது என்பதால் எழுதுகிறேன்.

பங்கீடு பற்றிய சண்டை இணைய விளையாட்டுகளில் மிகப் பழையது. 1999-இல் வந்த எவர்குவெஸ்டில் டிராகன்களைக் கொல்லப் பெருங்கூட்டம் தேவைப்பட்டது. ஆனால் டிராகனிடமிருந்து விழும் பொருளோ ஒன்றிரண்டுதான். அதை யார் எடுத்துக்கொள்வது என்பதற்காக, வந்து உழைத்தவர்களுக்குப் புள்ளி எழுதி வைத்து, அந்தப் புள்ளியைச் செலவழித்துப் பொருளை வாங்கிக்கொள்ளும் டிகேபி என்ற கணக்கு முறை ஒரு கில்டில் தோன்றி, பிற்பாடு மற்ற விளையாட்டுகளுக்கும் பரவியது. எங்கள் கில்டிலும் அதுதான் இருந்தது. நல்ல முறைதான், ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. பழையவர்கள் ஆண்டுக்கணக்கில் புள்ளியைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், புதிதாக வந்தவர் எத்தனை இரவு கண்விழித்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். இதனால்தான் பல கில்டுகள் வாரந்தோறும் எல்லாருடைய புள்ளியிலும் ஒரு பங்கைக் கழிக்கத் தொடங்கின.

உங்கள் லீக்குக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. லீக் தொடங்குவதற்கு முன்பே விதியை எழுதிவிடுங்கள். முடிந்த பிறகு எழுதினால் எந்த விதியும் பாரபட்சமாகத்தான் தெரியும். நான் கேள்விப்பட்ட வரையில் ஒருவருக்கு ஏழு நாளில் ஏழு தாக்குதல்கள், அதிகபட்சம் 21 நட்சத்திரங்கள். ஏழையும் தவறாமல் செய்து 12 நட்சத்திரம் எடுத்தவரையும், ஐந்தை மட்டும் செய்து 15 எடுத்தவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் இரண்டாமவருக்குத்தான் போனஸ் போகும், முதலாமவர் மனம் தளர்ந்துவிடுவார். என்னைக் கேட்டால் முதலில் வருகை, அதன் பிறகு நட்சத்திரம், சென்ற மாதம் வாங்கியவர் இந்த மாதம் வரிசையின் கடைசியில். யாருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்பதை ஒரு வரியில் சாட்டில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 15 பேர் ஆடும் லீக்கில் 27 பேரை வைத்திருக்கும்போது 12 பேர் வெளியே உட்கார்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தபோது பெரிய ரெய்டுக்கு, அதாவது வலிய எதிரிகளைக் கூட்டமாகப் போய் வெல்லும் ஆட்டத்துக்கு, 40 பேர் போனார்கள். 2007 ஜனவரியில் வந்த விரிவாக்கத்தில் அது 25 ஆகவும், சிலவற்றுக்கு 10 ஆகவும் சுருங்கியபோது, எதிரியிடம் தோற்காத பல கில்டுகள் யாரை வெளியே வைப்பது என்ற கேள்வியில் உடைந்தன. நாங்கள் ஆடிய காலத்தில் மித்திக் என்ற மிகக் கடினமான நிலையின் ரெய்டுக்குச் சரியாக 20 பேர்; எங்கள் பட்டியலில் 26 பேர். நான் தொடர்ந்து ஐந்து வாரம் வெளியே உட்கார்ந்தேன். ஒவ்வொரு இரவும் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, எட்டரைக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காத்திருப்பேன். எட்டே முக்காலுக்கு, இன்று ஆள் நிறைந்துவிட்டது என்று சொல்வார்கள். ஆறாவது வாரம் தலைவர் மாறினார். புதியவர் புதன்கிழமைதோறும் அந்த வாரம் யார் உள்ளே, யார் வெளியே, வெளியே இருப்பவருக்கு அடுத்த முறை எந்த நாள் என்று ஒரு பட்டியலைப் போட்டார். அதன் பிறகும் நான் வெளியே உட்கார்ந்த வாரங்கள் உண்டு, ஆனால் விலக வேண்டும் என்று தோன்றவில்லை.


அமராவதி, கரூர்:

மேலே உள்ள இருவரோடும் ஓரளவு மாறுபடுகிறேன். விதி, பட்டியல் எல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு. நொய்யல்கரை நண்பரின் முதல் சிக்கல் வாசலில் இருக்கிறது. கதவைத் திறந்து வைப்பதை நிறுத்தி, விண்ணப்பித்தால் மட்டும் சேரலாம் என்று மாற்றுங்கள். ஊரில் சீட்டுப் பிடிப்பவர் புதிய ஆளைச் சேர்க்கும்போது, யார் சொல்லி வந்தாய் என்று கேட்பாரே, அதே கேள்வியைக் கேளுங்கள். உள்ளே இருக்கும் ஒருவர் இவருக்கு நான் பொறுப்பு என்று சொன்னால் சேருங்கள். அப்படிச் சேர்ந்தவர் ஓடினால் அழைத்து வந்தவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அடுத்த முறை பார்த்து அழைப்பார். விளையாட்டுக்குள்ளேயே கிளான் தேடுவோர் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மாதம் மூன்று நான்கு பேருக்கு மேல் எடுக்காதீர்கள்.

எத்தனை படை தானம் செய்தார் என்ற எண்ணை வைத்தும் ஆளை எடைபோடாதீர்கள். படை தயாராகக் காத்திருக்க வேண்டிய காலத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பு இருந்தது. 2025 மார்ச்சில் அந்தக் காத்திருப்பையே நீக்கிவிட்டார்கள். இன்று அது விரல் அசைவின் கணக்கு மட்டுமே.

கோ-லீடரால் அடிபட்டது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஈவ் ஆன்லைன் விளையாட்டில் ஆயிரக்கணக்கானோர் இருந்த பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற கூட்டணி, 2009 பிப்ரவரியில், எதிரணிக்குத் தாவிய ஒரே ஒரு இயக்குநர் தன்னிடம் இருந்த அதிகாரத்தைக் கொண்டு கூட்டணியையே கலைத்துவிட்டதால் இல்லாமல் போனது. உங்களுக்கு ஒன்பது பேரோடு போயிற்று.


மாசாணிபுரம், ஆனைமலை:

நான் கிளானை விட்டுப் போனவர்களில் ஒருவன். உங்கள் கிளான் அல்ல, வேறொன்று. போனவன் தரப்பையும் ஒருவர் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கல்லூரித் தேர்வுக்காக ஒன்றரை மாதம் விளையாட்டைத் திறக்கவில்லை. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒரு வாரையும் தவறவிட்டதில்லை. தேர்வு முடிந்த அன்று மாலை, பேருந்தில் பொள்ளாச்சிக்கு வரும் வழியிலேயே திறந்தேன். யாரும் நீக்கவில்லை, இடம் அப்படியே இருந்தது. சாட்டில் "வந்துட்டனுங்க" என்று எழுதினேன். அதற்குக் கீழே இருவர் படை கேட்டார்கள். ஒருவர் வார் தொடங்கலாமா என்று கேட்டார். "ஏனுங் தம்பி, எங்க போயிட்டீங்க?" என்று ஒருவராவது கேட்பார் என்று இரவு வரை பார்த்தேன். மறுநாள் விலகிவிட்டேன். யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.


நொய்யல்கரை, திருப்பூர்:

எல்லாருக்கும் நன்றி. தறிச்சத்தம் அண்ணா சொன்னதைப் படித்த பிறகு, கம்பெனி நண்பர்களைக் கேட்டு நீக்கியவர்களின் கணக்கைப் பார்த்தேன். கண்டிப்பின் பேரில் நான் நீக்கிய ஏழு பேரில் ஐவர் அந்த வாரங்களில் இரவு வேலையில் இருந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் எனக்கு இரண்டு மேசை தள்ளித் துணி வெட்டுகிறவர், ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை. நேற்று டீ இடைவேளையில் அவரிடம் நேரிலேயே பேசினேன். சிரித்துவிட்டு, "அதுக்கென்னுங்க" என்றார். சேருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சேர்க்கையை விண்ணப்ப முறைக்கு மாற்றிவிட்டேன். சிறுவாணி சகோதரி சொன்ன வருகை விதியைச் சாட்டில் போட்டபோது உடனே ஓர் எதிர்ப்பு வந்தது: எங்களில் மிக நன்றாக ஆடுபவர், வருகைக்கு முதலிடம் கொடுத்தால் தன் நட்சத்திரத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார். அவர் போய்விடுவாரோ என்ற பயம் இன்னமும் எனக்கு இருக்கிறது. இருந்தாலும் விதியை மாற்றவில்லை. இந்த மாதம் அவருக்குப் பதவியும் கிடையாது.

ஆனைமலை தம்பியின் பதிவைப் படித்துவிட்டு உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தேன். 27 பேரில் ஆறு பேருடன் நான் படை பற்றியும் வார் பற்றியும் தவிர வேறு எதுவும் பேசியதே இல்லை.

நாளை வெள்ளிக்கிழமை. இரவு எட்டு மணிக்கு வாரைத் தொடங்குகிறேன். 20 பேர் கொண்ட வார் என்று நினைத்திருந்தேன். பச்சைக் கேடயம் 17 பேரிடம்தான் இருக்கிறது. 15 பேரோடு போகிறோம். வெளியே இருக்கும் இருவரின் பெயரையும், அவர்களுக்கு அடுத்த வாரம் இடம் உண்டு என்பதையும் சாட்டில் முன்கூட்டியே எழுதிவிட்டேன்.