ஒரு மாத்திரை இடைவெளி

ஒரு பாட்டு பலர் கைபட்டு மாறிய அனுபவம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது பெஹாக் ராகத்தில் நான் அமைத்த அந்தத் தில்லானாதான்; நாட்டிய நிகழ்ச்சியின் முடிவில் வரும் துள்ளலான உருப்படி அது. தெரிந்த பெண் ஒருத்தியின் அரங்கேற்றத்துக்காக மெட்டுப் போட்டேன். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம். பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு, தாளத்தின் முதல் தட்டான சமத்திலிருந்து அரை இடம், அதாவது அரை எண்ணிக்கை, தள்ளி. நான் கச்சேரிப் பாட்டுக்காரி, நாட்டியத்துக்கு அதுவரை எதுவும் அமைத்ததில்லை.

பல்லவிக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் முதல் வரிக்கு, ஐந்து சங்கதி வைத்திருந்தேன்; அதே வரியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிப் பாடுவதுதான் சங்கதி. முதல் ஒத்திகையில் நட்டுவாங்கம் செய்யும் அக்கா, அதாவது தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "கச்சேரிக்கு ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா பிள்ளை கண்ணு, கழுத்துன்னு ஆரம்பிச்சு உடம்ப வளைச்சு ஆடுற மெய்யடவுக்குப் போற வரைக்கும் இந்த ஒரு வரியத்தான் நீ திரும்பத் திரும்பப் பாடணும். வரி நகர்ந்துகிட்டே இருந்தா அவ எதுல நிப்பா?" என்றார். மூன்று சங்கதிகளை எடுத்துவிட்டேன். மனசு வலித்தது, மறைக்கவில்லை. பரதநாட்டியத்துக்கு வடிவம் கொடுத்த சகோதரர்களான தஞ்சை நால்வரின் உருப்படிகள் காலுக்கு இவ்வளவு பொருந்தி வருவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்களே பாடல் அமைத்தார்கள், அவர்களே நட்டுவனார்களாகவும் இருந்தார்கள். பாட்டும் அடவும் ஒரே கையில் பிறந்தன.

மிருதங்கக்காரர் வந்தது இரண்டாவது ஒத்திகைக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சின்னக் கோர்வை, அதாவது முத்தாய்ப்பாக வரும் தாளச் சொற்கட்டு, வைத்திருந்தேன். 'ததிகிணதொம்' இரண்டு தடவை, 10 மாத்திரை (இங்கே தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு 4 மாத்திரை). அதை மூன்று முறை சொல்ல வேண்டும், நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி. 30, அதோடு 2, மொத்தம் 32. ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சமத்தில் முடிந்துவிடும். ஆனால் பல்லவி அரை இடத்தில்தானே எடுக்கிறது? அதனால் கோர்வை முடிந்ததும் 2 மாத்திரை சும்மா நிற்க வேண்டும். நான் அங்கே ஒரு மூச்சு எடுத்துக்கொள்வேன். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

அவர் தொடையில் விரலால் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "அம்மா, அந்தக் கார்வைய ஒண்ணுக்குப் பதிலா ரெண்டா விடுங்களேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 10, 2, 10, 2, 10. கூட்டினால் 34. சமத்தைத் தாண்டி நேராக எடுப்பில் போய் விழுகிறது! சொல்லில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, இடைவெளிதான் கொஞ்சம் அகன்றது. அந்தப் பெண்ணின் கால் தரையில் விழுந்ததும் என் வாயில் பல்லவியின் முதல் எழுத்து வந்ததும் ஒரே நொடியில் நடந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அதே இடத்தை நாலைந்து முறை திரும்பப் போட்டுப் பார்த்தோம்.

புல்லாங்குழல் வாசித்தவர் அதிகம் பேசமாட்டார். பொருளுள்ள சொற்கள் வரும் சாகித்திய வரிகளை நான் சுத்த மத்யமத்தோடு, அதாவது 'ம' சுரத்தின் தாழ்ந்த வடிவத்தோடு, மட்டும் நிறுத்தியிருந்தேன். இடையில் அவருக்கு விட்ட இடத்தில், பஞ்சமத்தை ஒட்டி, 'ம'வின் உயர்ந்த வடிவமான பிரதி மத்யமத்தை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பினார். சுவாமிமலை முருகனைக் கூப்பிடுகிற வரி அது. அந்த ஒரு சுரம் பட்டதும் கூப்பிடும் குரலில் ஏக்கம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து நானும் அப்படியே பாட ஆரம்பித்தேன். கேட்டுக்கொள்ளாமல் எடுத்துக்கொண்டதை அப்புறம் அவரிடமே சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அழைப்பிதழில் இசையமைப்பு என்று என் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. எனக்கு அது உறுத்தியது. அதனால் தில்லானாவுக்கு முன் மைக்கில் மூன்று பேரையும் சொல்லி, யார் எந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் பாடினேன்.

இப்போது இன்னொரு பெண்ணுக்கு அதே தில்லானா. இந்தத் தடவை குழல் இல்லை, வயலின். வாசிக்கிற தம்பி முதல் ஒத்திகையிலேயே அந்த 2 மாத்திரைக் கார்வையை வெறுமனே விடாமல், வில்லை எடுக்காமல் நிஷாத சுரத்தில் இழுத்து நிறுத்தினான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மௌனம் வேண்டும் என்கிறார் நட்டுவாங்க அக்கா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகவும் ஆடிப் பார்க்கப் போகிறோம்.