‘கிட் கார்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டிஷ் கார்களின் வரலாறு பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். லோட்டஸ் செவன் பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த இரண்டு இருக்கை வண்டி அது. முழுதாகவும் வாங்கலாம். பாகங்களாக வாங்கிப்போய் வீட்டுக் கொட்டகையில் நாமே பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். லோட்டஸ் அதைக் கைவிட்டபோது, கேட்டர்ஹாம் என்ற ஊரில் விற்பனை நிலையம் வைத்திருந்த கிரஹாம் நியர்ன் 1973இல் உரிமையை வாங்கி வண்டிக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அதை ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அத்தியாயம்.

இப்படிப் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் காருக்குப் பெயர் ‘கிட் கார்’. பக்கத்துக்கு நாலு இடத்தில் அது வருகிறது. ‘கருவித்தொகுதி மகிழுந்து’ என்று போட்டால் ஸ்பானர் பெட்டியோடு வரும் கார் என்று வாசகர் நினைப்பார். வெள்ளிக்கிழமை கோப்பு போக வேண்டும். உதவுங்கள்.

பழம்புலவன்:

அம்மா, ‘உதிரியிணை மகிழுந்து’ என்க. உதிரிகளை இணைத்து ஆக்கியது என்று பொருள் தெளிவாக வரும். நம் முன்னோர்க்கு இது புதிதன்று. நாள்தோறும் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்று அதியமானை ஔவை பாடுகிறாள். ஆரும் குறடும் சூட்டும் (ஆரக்கால், நடுக்குடம், வெளிவட்டு) தனித்தனியே செய்து பொருத்தியவன் தச்சன். அச்சக்கரத்துக்கு அவள் ஆளும் சொல் ‘கால்’. ஆகவே நாற்காலி என்பதே மகிழுந்துக்கு உரிய சொல்லாகியிருக்க வேண்டும், மரச்சாமான் முந்திக்கொண்டது.

பட்டறைவாசி:

ஐயா, மன்னிக்கணும். உதிரியிணை என்று சொன்னால் ஓடும்போதே உதிர்கிற வண்டி என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பார்கள். உதிரிபாகம் என்பது வண்டி கெட்டால் மாற்றுகிற பொருள். முதன்முதலாக வண்டியை உண்டாக்குகிற பொருளுக்கு அதைச் சொல்ல மாட்டோம்.

நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிறார்கள். சேஸிஸை (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டத்தை) ஓட்டிக்கொண்டு வந்து விடுவார்கள், மேலே இருப்பதெல்லாம் இங்கே கட்டுவது. ‘பாடி தயாரிக்கிறோம்’ என்று எந்தப் பட்டறையிலும் சொல்லிக் கேட்டதில்லை. வீடு கட்டுகிற மாதிரி வண்டியும் கட்டுவதுதான். ‘கட்டு’ என்று தொடங்குங்கள், மிச்சம் தானாக வரும்.

ஒற்றுப்பிழை:

பட்டறை அண்ணன் சொன்னது சரியான இடம். கட்டுமரம் நினைவுக்கு வருகிறது. கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டும் மரம் என்று மூன்று காலமும் காட்டும் வினைத்தொகை. அந்த வழியில் போனால் ‘கட்டுகார்’. வினைத்தொகையில் வலி மிகாது, அதாவது நடுவில் க், ச் போன்ற ஒற்று வராது. ஊறுகாய், சுடுசோறு போல. க் போட்டுத் தொலைக்காதீர்கள்.

பழம்புலவன்:

கட்டுச்சோற்றில் மிகுகிறதே?

ஒற்றுப்பிழை:

அங்கே கட்டு பெயர்ச்சொல், ஐயா. மூட்டையாக உள்ள சோறு. அதனால் மிகுகிறது. இங்கேதான் சுவை: பெட்டி பிரிக்காமல் கிடக்கும்வரை அது கட்டாக வந்த கார், ‘கட்டுக்கார்’. ஸ்பானரை எடுத்த நிமிடம் ‘கட்டுகார்’ ஆகிவிடும். ஓர் ஒற்றில் வண்டியின் நிலையே மாறுகிறது. வேறெந்த மொழியில் இது முடியும்?

பட்டறைவாசி:

தம்பி, அதை வைத்திருக்கிறவர் கட்டுக்கார்க்காரரா? நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

குரொய்டன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது லண்டனுக்குத் தெற்கே. இந்தக் கார் மறுபடி பிறந்த ஊர் எங்களுக்குக் கிட்டத்தான். முதலில், அந்த ஊரை இங்கே ஆரும் ‘ஹாம்’ போட்டுச் சொல்வதில்லை. ‘கேட்டரம்’ என்று எழுதுங்கோ.

இரண்டாவது, சொல்லைத் தேட முன்னம் இந்தக் கார் ஏன் பெட்டியில் வந்தது என்று பார்க்க வேணும். அந்தக் காலம் பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்வனவு வரி இருந்தது. பாகங்களாக வாங்கி ஆளே பூட்டினால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும். அதனால் லோட்டஸ் ‘கழற்றும் முறை’ என்று ஒரு கையேடு கொடுத்தது, வாங்கினவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்து வண்டியைப் பூட்டினார் என்று இங்கே இன்றைக்கும் சிரித்துச் சிரித்துக் கதைப்பார்கள். 1973 ஏப்ரலில் கொள்வனவு வரி போய் வற் (மதிப்புக்கூட்டு) வரி வந்தது. அது கிட்டுக்கும் உண்டு. சலுகை முடிந்தது. அப்படியிருந்தும் ஆட்கள் கிட் வாங்குவதை விடவில்லை, இப்பவும் வாங்குகினம்.

ஆகவே பெட்டி முக்கியமில்லை. ஆர் பூட்டினது என்பதுதான் முக்கியம். சட்டமும் அதைத்தான் பார்த்தது, ரசிகர்மாரும் இன்றைக்கு அதைத்தான் பார்க்கினம். சங்கக் கூட்டத்துக்குப் போனால், “நீரே பூட்டினதோ, தொழிற்சாலையில் பூட்டி வந்ததோ” என்று கேட்பார்கள். என்னுடைய சொல்: ‘தற்பூட்டுச் சீருந்து’.

பட்டறைவாசி:

பூட்டு என்றால் எங்கள் ஊரில் திண்டுக்கல் பூட்டுதான் ஞாபகம் வரும். தற்பூட்டு என்றால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. இப்போது எல்லாக் காரிலும் அது இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளினி:

வரிக் கதைக்கு மிக்க நன்றி அண்ணா, அத்தியாயத்தில் அது இரண்டே வரியில் வருகிறது, இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. கேட்டரம் என்றே திருத்துகிறேன்.

ஒரு சந்தேகம். வெளிநாட்டுக் கார்களைப் பாகங்களாக இறக்கி இங்கே ஆலையில் பூட்டி விற்கிறார்களே, அதற்கும் இதே சொல் பொருந்தாதா?

குரொய்டன்வாசி:

பொருந்தாது தங்கச்சி. அங்கே பூட்டுகிறது நிறுவனம், வாங்குகிறவர் சாவியை மட்டும் வாங்குகிறார். அதற்குச் சுங்க வரிதான் காரணம். அதைப் ‘பிரித்திறக்கம்’ என்று வையுங்கோ. குழப்பினால் நூலே பிழைத்துப்போம்.

ஒற்றுப்பிழை:

பிரித்திறக்கம் அருமை. இது தனி இழையாக வேண்டும்.

அப்புறம், ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பதற்கு என்ன போடுகிறீர்கள்? விளையாட்டுக் கார் என்றால் திருவிழாக் கடையில் தொங்கும் பொம்மை. பந்தயக் கார் என்றால் ரேஸ் வண்டி.

பழம்புலவன்:

‘விரைமகிழுந்து’. விரை என்பதற்கு மணம் என்றும் பொருள் உண்டு. கூடுதல் அழகு.

பட்டறைவாசி:

பெட்ரோல் மணமா ஐயா?

(அவர் பதில் எழுதவில்லை. பிறகு ‘கடிமா’ என்று ஒரே ஒரு சொல்லை அனுப்பினார். யாருக்கும் புரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை.)

மொழிபெயர்ப்பாளினி:

ஸ்போர்ட்ஸ் காரை அப்படியே விட்டுவிடுகிறேன். எனக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். பழைய கார் ஒன்றிலிருந்து எஞ்சின், அச்சு, கியர்பெட்டி எல்லாம் எடுத்துப் புதிதாகக் கட்டுகிற வண்டிக்குப் போடுவார்கள். அந்தப் பழைய காரைக் கொடையாளிக் கார் என்கிறார்கள்.

ஒற்றுப்பிழை:

‘கொடைவண்டி’. உறுப்புக்கொடை என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. வாசகர் உடனே பிடித்துக்கொள்வார்.

பழம்புலவன்:

‘ஈகையூர்தி’ என்பது இன்னும் சிறப்பு. கொடை வேறு, ஈகை வேறு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் தேர்தான் முதல் ஈகையூர்தி.

பட்டறைவாசி:

எங்களுக்குக் காயலான் கடை வண்டிதான். காயல்பட்டினத்துக்காரர்கள் பழைய இரும்பு வியாபாரம் செய்ததால் வந்த பேர் என்பார்கள்.

ஒற்றுப்பிழை:

அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, சான்று கேட்டால் கொடுப்பவர்தான் இல்லை. காயலா என்றால் நோய். நோயில் விழுந்த பொருள்கள் போய்ச் சேரும் கடை என்றும்...

மொழிபெயர்ப்பாளினி:

தயவுசெய்து! நாளை மறுநாள் வெள்ளி. கொடைவண்டி வைத்துக்கொள்கிறேன்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். நியர்ன் கையில் வந்தபோது முதலில் லோட்டஸின் கடைசி வடிவமான நாலாம் வரிசை செவனைத்தான் கட்டினார்கள். கண்ணாடியிழை உடல், பெட்டி போன்ற வடிவம். பழைய ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பாகங்கள் கிடைப்பதும் சிக்கலானது. 1974இல் அலுமினியத் தகடு போர்த்திய மூன்றாம் வரிசைக்கே திரும்பினார்கள். என் வாக்கியங்கள்:

அ. “மூன்றாம் வரிசை மீண்டும் கட்டுகாராகக் கிடைக்கும் என்றதும் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.”

ஆ. “மூன்றாம் வரிசை மீண்டும் தற்பூட்டுச் சீருந்தாகக் கிடைக்கும் என்றதும்...”

இ. “மூன்றாம் வரிசை மீண்டும் உதிரியிணை மகிழுந்தாகக் கிடைக்கும் என்றதும்...”

எது படிக்க ஓடுகிறது?

குரொய்டன்வாசி:

அ ஓடுது. என்னுடையது நொண்டுது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ‘தன்’ என்ற கருத்து விடுபட்டுப் போகுது. கட்டினது ஆர் என்று அந்தச் சொல் சொல்லவில்லை.

ரசிகர்மாரைப் பற்றி ஒரு விஷயம். இந்த ஆட்கள் எதை ஏற்பார்கள், எதை ஏற்கமாட்டார்கள் என்று வெளியில் நின்று கணிக்க ஏலாது. 2021இல் ஜப்பானின் விடி ஹோல்டிங்ஸ் கேட்டரம் நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு சுசுகியின் 660 சிசி எஞ்சின் போட்ட ‘170’ என்ற மாடல் வந்தது. மூன்றே உருளை, 84 குதிரைத்திறன். சின்ன எஞ்சின் என்று பகிடி பண்ணினவர்கள் உண்டு. ஆனால் வண்டி 440 கிலோதான். எடை குறைப்பதுதான் சாப்மனின் வேதம். அதால் இதுதான் அசல் செவன் என்று தூக்கிவைத்தவர்களும் உண்டு. 2023இல் மின்சாரச் செவன் ஒன்றை மாதிரிக்குக் காட்டினார்கள். அது 700 கிலோவுக்கு உள்ளே என்று சொன்னாலும் மின்கலத்தின் பாரம் பாரம்தான். அதைப் பற்றிச் சங்கத்தில் வாயெடுத்தால் தேநீர் ஆறிவிடும், வாக்குவாதம் ஆறாது.

பட்டறைவாசி:

440 கிலோவா? எங்கள் பட்டறை லேத் அதைவிட எடை. என் ஓட்டு அ-வுக்கு. கட்டினது யார் என்று சொல்லாவிட்டால் என்ன? ‘வீடு கட்டினேன்’ என்றால் கொத்தனாரா என்று யாரும் கேட்பதில்லை.

குரொய்டன்வாசி:

அதுதான் ஐயா என்னுடைய முறைப்பாடே! வீட்டில் அது பரவாயில்லை. இந்தக் காரில் அது ஒன்றுதான் விஷயம். அந்தக் காலம் கொத்தனார் கட்டினால் வரி, நான் கட்டினால் வரி இல்லை.

ஒற்றுப்பிழை:

‘தன்கட்டுகார்’ என்று முதல் இடத்தில் மட்டும் போட்டுவிட்டு, பிறகு சுருக்கமாகக் கட்டுகார் என்று தொடரலாமே? க் வேண்டாம். மறுபடி சொல்கிறேன், க் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளினி:

நல்ல வழி. முதலில் ‘தன்கட்டுகார்’, அப்புறம் ‘கட்டுகார்’. பிரிக்காத பெட்டியைச் சொல்லும் இடங்களில் ‘கட்டு’ மட்டும். கொடைவண்டி, பிரித்திறக்கம் இரண்டையும் சொல்லடைவில் சேர்த்துவிட்டேன். கோப்பை அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

குரொய்டன்வாசி:

நல்லது. இலங்கை வாசகருக்குச் சொல்லடைவில் ‘சீருந்து’ம் ஒரு மூலையில் கிடக்கட்டும்.

பழம்புலவன்:

கோப்பு போய்விட்டது என்றாலும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கட்டு ஏற்புடையது. வலி மிகாமையும் ஏற்புடையது. கார் ஏற்புடையதன்று. கார் என்றால் மேகம். கட்டுகார் என்று படிப்பவன் கட்டிக்கொண்டு நிற்கும் மழைமுகில் என்றே கொள்வான். அடுத்த பதிப்பில் ‘கட்டுமகிழுந்து’ என்று திருத்துமாறு பதிப்பகத்துக்குத் தனி மடல் எழுதியுள்ளேன்.

ஒற்றுப்பிழை:

கூரையே இல்லாத வண்டிக்கு மழைமுகில் பொருத்தம்தானே, ஐயா?