சர்க்கரை நோய்க்காகச் சோற்றைக் குறைத்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத அந்த ஒரு சம்பவம்?

ரயிலடி:
துவரங்குறிச்சி தாண்டியதும் கை நடுங்கத் தொடங்கியது. திருச்சியிலிருந்து மதுரை போகும் பஸ். சோற்றை நிறுத்திப் பத்தாவது நாள். காலையில் இரண்டு முட்டை, கொஞ்சம் கீரை, சர்க்கரையைக் குறைக்கும் வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரை. சாப்பாட்டை மாற்றினால் மாத்திரையையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மீட்டரில் பார்த்தால் சர்க்கரை 54-க்கு இறங்கியிருந்தது.

பக்கத்து இருக்கை அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என்ன ஏது என்று கேட்கவில்லை. மடியிலிருந்த பேரன் கையிலிருந்து கடலை மிட்டாயைப் பிடுங்கி என் வாயருகே நீட்டினார். "எங்கள் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும், மெல்லுங்கள்" என்றார். பையன் போட்ட அலறலில் முன்னிருக்கைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலூரில் இருவரும் இறங்கிவிட்டார்கள். அந்தப் பையனுக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தரவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருடமாகிறது.

அடுப்படி:
ரயிலடி சார், உங்களுக்கு நடந்தது ஒரு நாள். நான் என் கணவருக்கு இரண்டு வருடம் கேப்பைக்கூழ் ஊற்றினேன். 'சர்க்கரைக்குக் கேப்பை' என்று ஊரே சொல்லியது, நானும் நம்பினேன். மகன் மீட்டர் வாங்கி வந்த அன்று குடிப்பதற்கு முன் 138, இரண்டு மணி நேரம் கழித்து 267. அவர் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கும் இதுதானா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கேப்பையில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துத்தான். அதை நைசாக அரைத்துக் காய்ச்சிக் கரைத்துக் கொடுத்தால் ஏறாமல் என்ன செய்யும்? இப்போது எங்கள் வீட்டில் பொரியல்தான் சோறு, சோறுதான் தொடுகறி. அவரைக்காயோ கோவைக்காயோ வாழைத்தண்டோ தட்டு நிறைய, மீனோ முட்டையோ கூட, சோறு ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டியை எடுத்துவிட்டால் மனிதர் மூன்றாம் நாளே ஓட்டலுக்குப் போய்விடுவார். அதையும் பார்த்தாயிற்று.

மன்னைக்காரர்:
ஒரு கரண்டியாவது வீட்டுக்குள் நடக்கும் அம்மா. சம்பந்தி வீட்டுப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்து "சாதம் வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னேன். பரிமாறியவர் வாளியோடு அப்படியே நின்றார். சம்பந்தி ஓடி வந்து, "சமையலில் ஏதாவது குறையா?" என்றார். என் மகள் எதிர்வரிசையில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன், பிறகு பேசாமல் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். இரவு 312.

இப்போதெல்லாம் மறுப்பதில்லை. சாதத்தை இலையில் வாங்கி ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கூட்டு, பொரியல், பருப்பு என்று முதலில் வயிற்றை நிரப்பிவிடுகிறேன். காயும் பருப்பும் முன்னால் போனால் பின்னால் வரும் சோறு மெதுவாகத்தான் ஏறுகிறது. மீட்டரில் பலமுறை பார்த்துவிட்டேன். இலையில் மிச்சம் வைப்பது பாவம் என்கிறவர்கள் என் கால் எரிச்சலை ஒரு நாள் வாங்கிக்கொள்ளட்டும்.

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
என் அனுபவம் சிறியது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 சதவீதம் இருந்தது, இப்போது 6.4. அவ்வளவுதான்.

ஆனால் மேலே சிலவற்றைத் திருத்தியாக வேண்டும். ரயிலடி அவர்களே, 70-க்குக் கீழே போனால் கடலை மிட்டாய் சரியான மருந்தல்ல. வெல்லம் இருந்தாலும் கடலையிலுள்ள கொழுப்பு அதைச் சட்டென்று ஏறவிடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுக்கிறவர்களும் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் சோற்றில் கைவைக்கக் கூடாது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சோற்றை அடியோடு விட்டால் உடம்பில் கீட்டோன் அமிலம் சேர்ந்து ஆபத்தாகலாம், அப்போதும் மீட்டர் பெரிதாக எதையும் காட்டாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்றால் உடனே மருத்துவமனை.

அடுப்படி அம்மா செய்வதுதான் நிலைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பெரிய ஆய்வை வைத்து 2022-இல் வெளிவந்த கணக்கும் சோற்றைத் துரத்தச் சொல்லவில்லை. உணவிலிருந்து வரும் ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கை மொத்தத்தில் ஏறக்குறைய பாதி என்ற அளவுக்குக் குறைத்து, புரதத்தை ஐந்தில் ஒரு பங்காக உயர்த்தச் சொன்னது. நம் தட்டில் இன்றைக்கு அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். கோடு போட்ட நோட்டாக இருந்தால் நல்லது. சிறுநீரகக் குறை உள்ளவர்கள் புரதத்தை உயர்த்துவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னைக்காரரே, கால் எரிச்சலுக்கு என்ன பார்த்தீர்கள்? வருடத்துக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை...

இரவுப்பணி:
ஐயா, நோட்டு யாரும் கேட்கவில்லை. தலைப்பு சம்பவத்தைத்தான் கேட்கிறது.

எனக்கு வேலை முடிவது இரவு ஒன்றரைக்கு. அந்த நேரத்தில் திறந்திருப்பது ஒரே ஒரு பரோட்டாக் கடை. "பரோட்டா இல்லாமல் சால்னாவா?" என்று மாஸ்டர் முதல் வாரம் சிரித்தார். பிறகு அவரே என்னைக் கண்டதும் இரண்டு ஆம்லெட்டைக் கல்லில் ஊற்றிவிடுவார், ஈரல் இருந்தால் எடுத்தும் வைப்பார். ஒரு நாள் கடையில் வேறு யாரும் இல்லை. மைதா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "தம்பி, டீயில் சர்க்கரையை நிறுத்தினால் போதுமா? எனக்கு முன்னூற்றுச் சொச்சம் காட்டுகிறது" என்றார். மிச்சப் பரோட்டாதான் அவருடைய இரவுச் சாப்பாடு என்று எனக்குத் தெரியும். "டாக்டரைப் பாருங்கள் அண்ணே" என்று சொல்லிவிட்டுக் காசை வைத்துவிட்டு வந்தேன். ஆறு மாதமாகத் தினமும் அவர் கையால் சாப்பிட்டவன், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அடுத்த மாதம் கல்லுக்கு முன் வேறு ஆள் நின்றார்.

அடுப்படி:
விசாரித்தீர்களா தம்பி?

இரவுப்பணி:
ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்கவில்லை அக்கா.

ரயிலடி:
வாத்தியார் ஐயாவுக்கு: இப்போது பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறேன், மாத்திரையும் பாதியாகிவிட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது முழு மிட்டாய்கூட இல்லை, பையன் கடித்தது போக மீதி.