புழக்கடைக் கோழிகளுக்கு நகரும் கூண்டா, நிலையான கொட்டகையா?

காட்பாடி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் இருபது அடிக்குப் பதினைந்து அடி இடம் இருக்கிறது. நடுவில் ஒரு முருங்கை, ஓரத்தில் இரண்டு தென்னை. எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்க எண்ணியுள்ளோம். சக்கரம் வைத்த இரும்புக் கூண்டு செய்து இடம் மாற்றி வைப்பதா, செங்கல் வைத்து ஒரேயடியாகக் கட்டிவிடுவதா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

அணைக்கட்டு விவசாயி:
கட்டிவிடுங்கள் தம்பி. பகலில் கோழியை வீட்டில் உள்ள யாராவது பார்த்துக்கொள்ளலாம்; கூண்டின் தரம் இரவில்தான் தெரியும். எங்கள் பக்கம் மரநாயும் காட்டுப்பூனையும் உண்டு, உங்கள் பக்கம் தெருநாய்க்குக் குறைவிருக்காது, விடிந்தால் கீரி எங்கும் வரும். நகரும் கூண்டு மண்ணின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது. தரை சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் சட்டத்தின் அடியில் நான்கு விரல் சந்து விழுந்துவிடும். கீரிக்கு அது போதும். செங்கல் அடித்தளத்தை ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கி, மேலே இரண்டடிச் சுவர் எழுப்பி, அதற்கு மேல் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். மெல்லிய கோழிவலையை நாய் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே இறங்காது.

குடியாத்தம் தோட்டக்காரர்:
அக்கா சொன்ன பாதுகாப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் கோழி அடைந்தால் அங்கே என்னவெல்லாம் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி எச்சத்தில் வெளியேறி, ஈரத்தில் முற்றி, அதைக் கொத்தும் குஞ்சின் குடலுக்குள் மறுபடியும் போகிறது. கூண்டை நகர்த்திக்கொண்டே இருந்தால் அந்தச் சுற்று அறுபடும். எருவும் தென்னம்பாத்தியிலேயே விழும். கத்திரி வெயிலில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது முற்பகலில் முருங்கையடியிலும் பிற்பகலில் சுவரின் கிழக்குப் பக்க நிழலிலும் கூண்டைத் தள்ளி வைக்கலாம். கட்டிய கொட்டகையை அப்படி நகர்த்த முடியுமா?

அணைக்கட்டு விவசாயி:
நிழலைப் பற்றிச் சொன்னது சரி. அதற்குக் கூரையின் மேல் தென்னங்கீற்றுப் போட்டு வெயில் நேரத்தில் தண்ணீர் தெளிக்கலாம். ஆனால் சுற்று அறுபடும் என்பதை இந்த இடத்துக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முந்நூறு சதுர அடியில் மரமும் பாத்தியும் நடைபாதையும் போக, ஆறுக்கு நான்கடிக் கூண்டை நாளுக்கு ஓரிடமாக வைத்தால் பத்து நாளில் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். அந்த ஒட்டுண்ணியோ ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஏக்கர் கணக்கில் புல் உள்ளவர்களுக்கு ஏற்ற முறை அது. நம் செம்மண் தரையில் ஐப்பசி, கார்த்திகையில் புல் இருக்கும். மாசி கடந்தால் எங்கே நகர்த்தினாலும் கட்டாந்தரைதான்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
இடையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். சுவர் கட்டுபவர்கள் கோழி உண்ணியைக் கணக்கில் எடுப்பதில்லை. வளர்ந்த உண்ணி பகலில் கோழியின் மேல் இருக்காது. செங்கல் இடுக்கிலும் கீற்றின் மடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். கோழியைக் கையில் பிடித்துப் பார்த்தால் இறகுக்குள் ஒன்றும் தெரியாது, ஆனால் கொண்டை வெளுத்திருக்கும், முட்டை குறைந்திருக்கும். சுவர் இடுக்கில் பேனாக்கத்தியை விட்டுச் சுரண்டினால் தட்டையான சாம்பல் நிறப் பூச்சிகள் வரிசையாக உதிரும். தீனியில்லாமலே பல மாதம் தாங்கும் என்பதால் கொட்டகையைச் சில வாரம் காலியாகப் போட்டாலும் ஒழியாது. கட்டுவதாக இருந்தால் உட்சுவரை வழவழப்பாகப் பூசி, கோழி அடையும் கழியைச் சுவரில் பதிக்காமல் கழற்றி எடுக்கும்படி வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயை எந்தக் கூண்டும் தடுக்காது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாம் வாரத்தில் தடுப்பூசியும் போட்டே ஆக வேண்டும்.

குடியாத்தம் தோட்டக்காரர்:
ஐயா சொன்னதுதான் என் வாதமும். இரும்புச் சட்டத்தில் அவ்வளவு இடுக்கு ஏது? மழையையும் நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பரில் கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது நாங்கள் கூண்டைக் கோழிகளோடு மேட்டுக்கு இழுத்துவிட்டோம். அருகில் கட்டிய கொட்டகை வைத்திருந்தவர்கள் இருட்டில் ஒவ்வொரு கோழியாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

அணைக்கட்டு விவசாயி:
ஆற்றோரம் இருப்பவர்களுக்கு அது நியாயம். தம்பியின் வீடு ஆற்றோரமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். தரையை ஓரடி உயர்த்தி, மூன்று அங்குலத்துக்கு வேர்க்கடலைத் தோலோ உமியோ பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டால் ஈரம் தங்காது.

காட்பாடி வாசகர்:
மிக்க நன்றி. ஆறு எங்களுக்குத் தொலைவு. மதில் மேல் கீரி ஓடுவதை வீட்டிலுள்ள அனைவரும் பார்த்திருக்கிறோம். ஆகவே கட்டுவதென்றே முடிவு செய்கிறோம். ஆய்வாளர் ஐயா, உட்பூச்சுக்கு மேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமா?

ஆற்காடு, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:
கட்டாயம் அடியுங்கள். மழைக்கு முன் ஒரு முறையும் பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கும்போது ஒரு முறையும் அடித்தால் நல்லது. சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்த பிறகே கோழிகளை உள்ளே விடுங்கள்.

குடியாத்தம் தோட்டக்காரர்:
முடிவு உங்களுடையது. குஞ்சு பொரித்த தாய்க்கோழிக்காவது மரத்தடியில் கவிழ்த்து வைக்க ஒரு பஞ்சாரம் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கோழிகள் மிதித்த தரையில் குஞ்சுகளை விடாதீர்கள்.