லெஸ்டரில் தம்பிக்கு வேலை: 'ஷேர் கோட்' எடுக்க ஏஜென்ட் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

காவேரிப்பட்டணம் சுமதி:
வணக்கம். தம்பி இங்கிலாந்துல, லெஸ்டர்ல எம்.எஸ்சி. படிக்கிறான். மாந்தோப்பை அடமானம் வெச்சுத்தான் அப்பா அனுப்பினார். இப்போ ஒரு கடையில பகுதி நேர வேலை கிடைச்சிருக்கு. சேர்றதுக்கு முன்னாடி, வேலை செய்ய உரிமை இருக்குன்னு காட்ட 'ஷேர் கோட்' அனுப்பச் சொல்றாங்களாம். விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், "15,000 ரூபாய் போடுங்க, நானே எடுத்துத் தரேன்"ங்கறார். அப்பா நாளைக்கே போடறேன்னு நிக்கிறார். என்ன செய்யட்டும்?

ஓசூர் கலா:
சுமதி, பணம் போட வேணாம்னு அப்பாகிட்ட இப்பவே சொல்லிடுங்க. நான் பர்மிங்காம்ல ஒரு முதியோர் இல்லத்து ஆபீஸ்ல இருக்கேன். புதுசா சேர்றவங்க உரிமையைச் சரிபார்க்கறதே என் வேலை. ஷேர் கோடுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது.

தம்பி பிரிட்டிஷ் அரசாங்க இணையதளத்துல தன்னோட யூகேவிஐ (அந்நாட்டு விசா, குடியேற்றத் துறை) கணக்குக்குள்ள போகணும். எதுக்குன்னு கேட்கும். 'வேலை'ன்னு தேர்ந்தெடுக்கணும். வீட்டு வாடகைக்குன்னு எடுத்தா ஆர்-ல ஆரம்பிக்கிற கோட் வரும், அது கடைக்காரருக்கு ஆகாது. வேலைக்கானது டபிள்யூ-ல ஆரம்பிக்கும், மொத்தம் 9 எழுத்தும் எண்ணும், 90 நாள் செல்லும். கோடையும் பிறந்த தேதியையும் கடைக்கு அனுப்பினாப் போதும். அவங்க திறந்து பார்த்தா போட்டோவும் விசா நிபந்தனையும் வரும். அந்தப் போட்டோவுல இருக்கிறவர்தானா வந்திருக்கறதுன்னு முகத்தைப் பார்த்து உறுதி செஞ்சு, அந்தப் பக்கத்தை ஃபைல்ல வெச்சுக்குவாங்க.

நான் கவலைப்படறது வேற விஷயத்துக்கு. அந்தக் கணக்குல எந்த ஈமெயில், எந்தப் போன் நம்பர் இருக்கு? உள்ளே போக வர்ற ஓடிபி அதுக்குத்தான் போகும். ஏஜென்ட்டோட ஈமெயில் இருந்தா, பையன் ஒவ்வொரு தடவையும் அவர்கிட்டதான் நிக்கணும். இன்னைக்கே தம்பியைப் பார்க்கச் சொல்லுங்க, அவன் சொந்த ஈமெயிலுக்கும் நம்பருக்கும் மாத்திடணும். எங்க ஆபீஸ்லயே இதனால வேலை தள்ளிப்போன பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன், மனசு பதறும்.

கடைக்காரங்க சந்தேகப்பட்டுக் கேட்கலை. சரிபார்க்காம உரிமையில்லாத ஒருத்தரைச் சேர்த்து மாட்டினா, முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். பிரிட்டிஷ்காரங்களே வந்தாலும் நாங்க பாஸ்போர்ட் கேட்போம்.

அரூர் பாஸ்கர்:
கலா அக்கா சொன்னது அத்தனையும் சரி. நானும் அங்கே படிச்சவன்தான். டிகிரிப் படிப்புன்னா காலேஜ் நடக்கிற நாள்ல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல கூடாது. கடை ரெண்டு இருந்தாலும் சேர்த்துதான் கணக்கு. இன்னொருத்தர் பேர்ல இருக்கிற டெலிவரி ஆப்பை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம்னு ரூம்ல யாராவது இழுப்பாங்க. ஸ்டூடண்ட் விசாவுல சுயதொழிலே கூடாது, விசாவே போயிடும். தம்பிகிட்ட கண்டிப்பாச் சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் சுமதி:
ரொம்ப நன்றிங்க. பார்த்துட்டான், ஏஜென்ட் ஈமெயில்தான் இருந்திருக்கு. போன் நம்பர் அவனோடது, அதனால உள்ளே போய் ஈமெயிலை மாத்திட்டான். ஆனா என்.ஐ. (நேஷனல் இன்சூரன்ஸ்) நம்பர் இன்னும் வரலை. அது இல்லாம சேர முடியாதா?

ஓசூர் கலா:
சேரலாம். என்.ஐ. நம்பர் வரிக்கும் காப்பீட்டுக்கும்தான், வேலை உரிமைக்குச் சான்று ஆகாது. விண்ணப்பம் போட்டுட்டுச் சேர்ந்து, வந்ததும் கடையில கொடுத்தாப் போதும். அதோட காலேஜ்ல, எப்போ வகுப்பு, எப்போ விடுமுறைன்னு தேதி போட்ட கடிதம் ஒண்ணு வாங்கி வெச்சுக்கட்டும். கடையில அதையும் கேட்பாங்க.