பல்லுக்குக் கூடவா சொல் கடன் வாங்குவார்கள்? தொல் ஃபின்னிக் *ஹம்பஸ்

கடலோடி:
ஃபின்னிஷில் பல்லுக்கு ஹம்மஸ், எஸ்டோனியனிலும் அதேதான். ஆனால் இரண்டுக்கும் மூலமான தொல் ஃபின்னிக் மொழியில் வடிவம் *ஹம்பஸ் என்று நட்சத்திரக் குறி போட்டு, அது பால்டிக் மொழியிலிருந்து (லிதுவேனியன், லாட்வியன் சேர்ந்த கிளை) வந்த கடன் என்கிறார்கள். இரண்டிலும் ‘ம்ம’ இருக்கும்போது ‘ம்ப’ எங்கிருந்து வந்தது? அப்புறம், வாய்க்குள்ளேயே இருக்கிற பல்லுக்கு யாராவது பக்கத்து ஊரில் போய்ச் சொல் வாங்குவார்களா?

சொல்வேட்டை:
‘ம்ப’ வெறும் ஊகம் இல்லை, வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள். ‘பல்லின்’ என்பது ஃபின்னிஷில் ஹம்ப்பான், எஸ்டோனியனில் ஹம்பா. இவற்றின் உறவு மொழியான லிவோனியனில் எழுவாயிலேயே ஆம்பஸ், அங்கே உதிர்ந்தது முதலில் இருந்த ‘ஹ’தான். எழுத்தில் கிடைக்காமல் மகள் மொழிகளை ஒப்பிட்டு எடுத்த வடிவம் என்பதற்குத்தான் அந்த நட்சத்திரம்.

கடன் விஷயத்துக்கு வருவோம். லிதுவேனியன் ஜம்பஸ் (விளிம்பு), லாட்வியன் ஸோப்ஸ் (பல்), சமஸ்கிருத ஜம்ப எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். ஃபின்னிக்குக்குள் நுழைந்தபோது முதல் ஒலி ‘ஷ’ ஆகி, பிறகு ‘ஹ’ ஆனது. ஒரு சொல்லை மட்டும் காட்டினால் நானே நம்பமாட்டேன், ஆனால் பட்டாணி லிதுவேனியனில் ஜிர்னிஸ், ஃபின்னிஷில் ஹெர்னெ. உலர்புல் ஷியெனஸ், ஹெய்னா. உறைபனி ஷல்னா, ஹல்லா என்று வரிசையாக வருகிறதே. கடைசி ‘அஸ்’ கூட பால்டிக் ஆண்பால் விகுதிதான்.

வேர்க்கால்:
சொந்தச் சொல் செத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபின்னிஷின் தூரத்து உறவான ஹங்கேரியனில் இன்றும் பல் என்றால் ஃபோக். அதற்கு உறவான ஃபின்னிஷ் சொல் பீ, சீப்புப் பல் மாதிரியான கூர்முனைகளோடு ஒதுங்கிவிட்டது. தமிழில் நடந்தது நேர் எதிர்: வந்த ‘தந்தம்’ பெரும்பாலும் யானையோடு நின்றது, ‘பல்’ அசையவில்லை.

உடம்புச் சொல்லைக் கடன் வாங்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையை நான் விட்டு ரொம்ப நாள் ஆகிறது. ஃபின்னிஷில் கழுத்து, மகள், சகோதரி ஆகியவற்றுக்கான சொற்கள் பால்டிக், அம்மாவுக்கான ‘ஐத்தி’ ஜெர்மானிக். சந்தையில் பார்த்துப் பேசிய பழக்கத்தில் மட்டும் இதெல்லாம் வராது, பெண் கொடுத்து பெண் எடுத்து ஒரே வீட்டில் இரண்டு மொழி புழங்கியிருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

கடலோடி:
ஹம்ப்பான் போதும், ‘ம்ப’ தெளிவாகிவிட்டது. சரி, ரஷ்யனில் பல் ‘ஸூப்’ ஆயிற்றே, அங்கிருந்து வந்திருக்கக் கூடாதா?

சொல்வேட்டை:
முடியாது. ஸூப்பில் ‘ம்’ இல்லை, ‘அஸ்’ விகுதியும் இல்லை. அங்கிருந்து வந்திருந்தால் முதல் ஒலி ‘ஸ’வாகவே நின்றிருக்கும், ‘ஹ’ ஆகியிருக்காது.